பேரன் கேட்ட கேள்வி

கூடுவாஞ்சேரியில் மின்சாரம் நின்றுபோனால் ஒரு லாபம் உண்டு. மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்கலாம். வடக்கே மீனம்பாக்கத்துப் பக்கமாகச் செல்லும் ஆகாய விமானங்களின் விளக்குகளை எண்ணலாம். எனக்கும் என் எட்டு வயதுப் பேரனுக்கும் இது வழக்கமான பொழுதுபோக்கு.

சென்ற மாதம் ஓர் இரவு, ஏழாவது விமானத்தை எண்ணிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "தாத்தா, பிளேன் ஏன் கீழே விழறது?" என்று கேட்டான். மறுநாள் அவன் தாயார் உத்தியோக நிமித்தம் துபாய்க்குப் புறப்பட இருந்தாள். ஆகையால் அது விளையாட்டுக் கேள்வியல்ல.

"யந்திரம் கெட்டுப்போனால் விழும். அப்படி அடிக்கடி கெடாது, பயப்படாதே" என்றேன். முப்பத்தைந்து வருஷம் யந்திரங்களோடு மாரடித்தவன் சொல்லக்கூடிய பதில்தானா இது? அன்றிரவு மின்சாரம் வந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

1976-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, நள்ளிரவு கழிந்தபின் பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானம், சில நிமிஷங்களிலேயே திரும்பி வந்து இறங்க முயன்று, தரையில் மோதி எரிந்தது. 95 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நான் அப்போது தொழில் பயின்றுகொண்டிருந்த வாலிபன். எஞ்சினுக்குள் சுழலும் உலோகத் தட்டு ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கடைசியில் ஒடிகிறதல்லவா? உலோகத்துக்கும் களைப்பு உண்டு. களைத்த தட்டு வெடித்துச் சிதறிற்று; துண்டுகள் எண்ணெய்க் குழாய்களை அறுத்தன; தீப்பற்றியது; விமானத்தைத் திருப்பும் கருவிகளும் செயலற்றுப் போயின. இதைப் படித்த நாளிலிருந்து, விரிசல் என்பது உலோகத்தில் மட்டுந்தான் உண்டாகிறது என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது கோழிக்கோடு. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ஆம் தேதி, கொரோனாக் காலத்தில் துபாயிலிருந்து 184 பிரயாணிகளை ஏற்றிவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அது. குன்றின் மேல் மேஜையைப்போல் அமைந்த ஓடுபாதை, கொட்டும் மழை. முதல் முறை இறங்க வரும்போது காப்டன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் நின்றுபோயிற்று. இறங்காமல் மேலெழுந்தார். இரண்டாம் முறை மறு முனையிலிருந்து, பின்காற்றுடன் வந்தார். ஏறக்குறைய பாதி ஓடுபாதை கழிந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மேலே கிளம்பிவிடும்படி துணை விமானி சொல்லியும் பயனில்லை. விமானம் பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து பிளந்தது. விமானிகள் இருவர் உள்பட 21 பேர் மாண்டனர்.

"விமானியின் பிழை" என்று எழுதிக் கட்டைக் கட்டிவிட்டிருக்கலாம். பிழை வாஸ்தவந்தான், 2021-இல் வெளிவந்த விசாரணை அறிக்கையும் அதை மறைக்கவில்லை. ஆனால் அதோடு நிற்கவுமில்லை. அவர் ஏன் வேறு ஊருக்குப் போகாமல் அங்கேயே இறங்கப் பிடிவாதம் பிடித்தார் என்று கேட்டது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை அவரே ஓட்டவேண்டியிருந்தது. மாற்று ஆள் இல்லையா? 26 துணை விமானிகள் இருந்த அவ்வூரில் நியமிக்கப்பட்டிருந்த காப்டன் ஒரே ஒருவர்! அந்தக் கணக்கை மழையிலும் இருட்டிலும் யாரும் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் வைத்துப் போட்ட கணக்கு அது.

எனக்கும் ஒரு மேஜை இருந்தது. நான் சூபர்வைசராக இருந்த தொழிற்சாலையில், கிரேன் கொக்கி அளவுக்கு மேல் ஏறாமல் தானே நிறுத்தும் சுவிட்சு ஒன்று உண்டு. அது சரியாக வேலை செய்யவில்லை என்று பிட்டர் வந்து சொன்னார். மாதக் கடைசி, சரக்கு போயாகவேண்டும். "அடுத்த ஷிப்டில் கவனிக்கவும்" என்று ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிரவே கொக்கி மேலேறிக் கம்பி வடம் அறுந்தது. கீழே நின்ற ஒரு தொழிலாளியின் இடது பாதம் போயிற்று.

விசாரணை நடந்தது. முடிவு: ஆபரேட்டரின் அஜாக்கிரதை. என் ரிஜிஸ்தரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் எடுத்துக் காட்டவில்லை. அந்த ஆபரேட்டருக்கு அந்த வருஷ இன்கிரிமெண்ட் நின்றது, எனக்கு நிற்கவில்லை.

மறுநாள் இரவு, என் பெண் துபாய் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. மின்சாரம் இருந்தும் பேரனை மாடிக்கு அழைத்துப் போனேன்.

"நேற்றுச் சொன்னது சரியில்லையடா. யந்திரம் கெட்டது தெரிந்தும், அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது எழுதிவைத்தாலும் விழும்."

"யார் எழுதுவா, தாத்தா?"

"என்னை மாதிரி ஒருத்தர்" என்றேன்.

அவன் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். அதற்குள் வடக்கே ஒரு விளக்குத் தெரிந்தது. "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தான்.