கைவிடப்பட்டது யாரால்?

பழைய ராணுவத் தளங்களைத் தேடிச் சென்று படமெடுப்போர் பகிரும் ஒளிப்படங்களுக்கு ஒரு பொதுச்சாயல் உண்டு. வெடித்த கான்கிரீட்டின் நடுவே தலைநீட்டும் புல், கூரையிழந்த கொட்டகை, துருவேறிய இரும்புக் கதவு, அந்தி வெளிச்சம். அவற்றின் கீழே எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரே சொல் வந்து அமர்ந்துகொள்கிறது: 'கைவிடப்பட்ட'. கைவிடப்பட்ட விமானத்தளம், கைவிடப்பட்ட பதுங்குகுழி, கைவிடப்பட்ட படைமுகாம்.

இலக்கண நோக்கில் இது செயப்பாட்டுவினையின் பெயரெச்சம். செயலைச் செய்தவரைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிட முடிவது செயப்பாட்டுவினையின் வசதி. 'இராமனால் வில் ஒடிக்கப்பட்டது' என்ற வாக்கியத்திலிருந்து 'இராமனால்' என்பதை நீக்கினாலும் வாக்கியம் குலைவதில்லை. வில் ஒடிந்த செய்தி எஞ்சுகிறது, ஒடித்தவன் மறைந்துவிடுகிறான். 'கைவிடப்பட்ட தளம்' என்னும்போதும் இதுவே நிகழ்கிறது. கைவிட்டவர் யார்? அவர் கைவிட்டதனால் எல்லோரும் கைவிட்டதாக ஆகுமா? இக்கேள்விகளுக்கு விடைதேட இந்தியாவில் மிகப் பொருத்தமான நிலப்பரப்பு ஒன்று இருக்கிறது. மேற்கு வங்கத்தின் கரக்பூரைச் சுற்றி, சோட்டா நாக்பூர் பீடபூமியின் கிழக்கு விளிம்பில், சால் மரக் காடுகளும் செம்மண்ணும் கலந்த பகுதி அது.

இரண்டாம் உலகப்போரின்போது, சீனாவின் செங்டு நகர் வழியாக ஜப்பானைத் தாக்க அமெரிக்கா ஒரு திட்டம் வகுத்தது. 'மேட்டர்ஹார்ன்' என்பது அதன் பெயர். அதற்கெனப் பயன்படுத்தப்பட்ட பி-29 விமானத்தின் சிறகு விரிவு 141 அடி. அதுவரை இங்கிருந்த ஓடுபாதைகள் அதன் எடைக்கும் வேகத்துக்கும் போதவில்லை. எனவே கரக்பூர், சாக்குலியா, பியார்டோபா, துத்குண்டி, சர்ரா முதலிய இடங்களில் ஓடுபாதைகள் ஏறத்தாழ 7,500 அடி நீளத்துக்கு அமைக்கும் பணி தொடங்கியது. இங்கிருந்து புறப்பட்ட பி-29 விமானங்கள் 1944 ஜூன் 5 அன்று பாங்காக்கின் ரயில் நிலையப் பணிமனைகளைத் தாக்கின. அதுவே அவ்விமானத்தின் முதல் போர்ப்பறப்பு. பத்து நாள்களுக்குப் பின், இமயத்தைக் கடந்து செங்டு சென்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஜப்பானின் யவாத்தா எஃகு ஆலையைத் தாக்கின. 1945இன் முற்பாதியில் இப்படை பசிபிக் பெருங்கடலின் மரியானா தீவுகளுக்கு இடம்பெயர்ந்தது. கைவிட்டவர் யார் என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான். அமெரிக்கப் படை இங்கே நிலைகொண்டிருந்த காலம் ஓராண்டு அளவே.

அவர்கள் சென்றபின் இத்தளங்களுக்கு நேர்ந்த கதி ஒன்றுபோல் இல்லை. தலைமையகத்திலிருந்தே தொடங்கலாம். இப்படையின் தலைமையகம் ஹிஜ்லியில் இருந்த ஒரு சிறைக்கட்டடத்தில் இயங்கியது. விடுதலைப் போராட்டக் கைதிகளை அடைத்துவைத்த ஹிஜ்லி தடுப்புமுகாம் அது. 1931 செப்டம்பர் 16 அன்று காவலர்கள் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் சந்தோஷ் குமார் மித்ராவும் தாரகேஸ்வர் சென்குப்தாவும் அங்கே கொல்லப்பட்டனர். இரவீந்திரநாத் தாகூர் அதைக் கண்டித்துக் கல்கத்தாவில் பொதுக்கூட்டத்தில் பேசினார். பின்னர் அதே கட்டடத்திலிருந்துதான் கர்ட்டிஸ் லெமே என்னும் தளபதி 1944இல் சில மாதங்கள் இப்படையை வழிநடத்தினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் டோக்கியோவைத் தீக்கிரையாக்கிய தாக்குதலுக்குப் பொறுப்பேற்றவரும் அவரே. 1951இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. அதே கட்டடத்தில் தொடங்கப்பெற்றது. இன்று அங்கே ஓர் அறிவியல் அருங்காட்சியகம் இயங்குகிறது. சிறை, படைத்தலைமையகம், கல்விக்கூடம், அருங்காட்சியகம் என்று நான்கு வாழ்க்கைகளைக் கண்ட அச்சுவர்களை எந்தக் கோணத்தில் படமெடுத்தாலும் 'கைவிடப்பட்ட' என்று எழுத இயலாது.

மற்றவற்றின் கதையும் இவ்வாறே பிரிகிறது. கலைகுண்டா இன்றும் இந்திய விமானப்படையின் முக்கியமான தளம். துத்குண்டி அப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்களம். கரக்பூரை அடுத்த சலுவாவில் மேற்கு வங்கக் காவல்துறையின் ஈஸ்டர்ன் ஃப்ரண்டியர் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் உள்ளது. பாங்குரா மாவட்டத்தின் பியார்டோபாவும், புருலியா மாவட்டத்தின் சர்ராவும், ஜார்க்கண்டின் சாக்குலியாவும் போர்க்காலப் பயன்பாட்டை இழந்து நிற்கின்றன. 'கைவிடப்பட்ட' என்ற சொல்லுக்கு ஓரளவு பொருந்துபவை இம்மூன்று மட்டுமே.

அந்த மூன்றிலும்கூடச் சொல் முழுதாகப் பொருந்துவதில்லை. பழைய ஓடுபாதை என்பது ஊர்ப்புறத்தில் கிடைக்கும் மிக நீண்ட, மிகச் சமதளமான, தண்ணீர் தேங்காத நிலம். அறுவடைக் காலத்தில் தானியம் உலர்த்தவும், மாடுகளை ஓட்டிச்செல்லவும், சிறுவர் பந்தாடவும், இளைஞர் வண்டி பழகவும் அதைவிடத் தோதான இடம் வேறு இராது. படமெடுப்பவர் வெறுமையைத் தேடி வருகிறார். ஆகவே மாடு கடந்துபோகும்வரை காத்திருக்கிறார். தானியம் பரப்பிய பகுதியைத் தவிர்த்துக் கோணம் தேர்கிறார். இவ்வாறு அந்த வெறுமை சட்டகத்துக்குள் உண்டாக்கப்படுகிறது. எண்பது ஆண்டுகளாக அந்நிலத்தைப் பயன்படுத்திவருபவர்கள் படத்திலிருந்து அகற்றப்படுவது இது முதல்முறையும் அன்று.

முதல்முறை எது என்பதைப் படைவரலாறே சொல்லும். அமெரிக்க விமானப்படையின் அதிகாரபூர்வ வரலாறு, மேட்டர்ஹார்ன் கட்டுமானப் பணிகளில் சுமார் 6,000 அமெரிக்கப் படையினரும் 27,000 இந்தியக் குடிமக்களும் ஈடுபட்டதாகக் குறிப்பிடுகிறது. விமானங்களுக்குத் தனித்தனி எண் உண்டு. அவற்றின் மூக்கில் வீரர்கள் எழுதிய செல்லப்பெயர்களும் பதிவாகியுள்ளன. எந்தப் பறப்பில் எவர் சென்றார், எவர் திரும்பவில்லை என்ற பட்டியல்களும் உள்ளன. அந்த 27,000 பேரோ அவ்வரலாற்றில் ஓர் எண்ணாக மட்டுமே நிற்கின்றனர்.

அந்த எண்ணைக் காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1942 அக்டோபரில் மிதுனாப்பூர் மாவட்டக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. 1943இல் வங்கப்பஞ்சம் வந்தது; அதில் மாண்டோர் தொகை 30 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. மிதுனாப்பூர் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. ஓடுபாதை வேலை அப்பஞ்சத்தின் முடிவையொட்டி வந்தது. வயிற்றுக்கு வழியற்ற ஊர்களின் அருகில் கூலிவேலை திறக்கும்போது அதற்கு வருபவர் யார், எந்த மொழி பேசியவர், எங்கிருந்து நடந்துவந்தவர் என்பன ஆய்வுக்குரிய கேள்விகள். வங்காளி, சந்தாலி, குர்மாலி, முண்டாரி எனப் பல மொழிகள் ஊடாடும் நிலம் இது. கான்கிரீட்டின் விரிசலை எவ்வளவு கூர்மையாகப் பதிவு செய்தாலும் இக்கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை.

நிலத்தின் பெயரும் அசையாமல் இருக்கவில்லை. 1944இல் சர்ரா, சாக்குலியா இரண்டும் பீகார் மாகாணத்தில் இருந்தன. சர்ராவை உள்ளடக்கிய மான்பூமில் வங்கமொழிக்காக ஒரு நீண்ட இயக்கம் நடந்து, அதன் விளைவாக 1956இல் புருலியா மேற்கு வங்கத்துடன் இணைந்தது. சாக்குலியா 2000இல் ஜார்க்கண்டுக்குச் சென்றது. 2003இல் சந்தாலி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஓடுபாதை அதே இடத்தில் கிடக்க, அதைச் சுற்றி மாநிலமும் மாறியது, மொழிகளின் தகுதியும் மாறியது. பழைய அமெரிக்க ஆவணத்தின் இடப்பெயரை அப்படியே பெயர்த்தெழுதும் படக்குறிப்பு இவ்வரலாறு முழுவதையும் தாண்டிப் போய்விடுகிறது.

இனிச் சட்டத்தின் பார்வை. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் 'ஸ்கெட்ச்' என்ற சொல்லுக்குள் ஒளிப்படத்தையும் அடக்குகிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்துடன் தடைசெய்யப்பட்ட இடத்தை அணுகுவதும் அத்தகைய பதிவுகளைச் செய்வதும் குற்றம். ராணுவ நிலையங்கள் தொடர்பானதாயின் தண்டனை 14 ஆண்டுகள் வரை நீளலாம். நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்தும் நடத்தையிலிருந்தும் அனுமானிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. துருவைப் பார்த்து உரிமையை முடிவுசெய்ய முடியாது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பாழடைந்து தோன்றும் நிலம் இன்றும் பாதுகாப்புத் துறையின் உடைமையாக இருக்கலாம். அருகிலேயே இயங்கும் தளம் இருக்கலாம். பயிற்சிக்களத்தில் வெடிக்காத குண்டு கிடக்கலாம். வருவாய்த்துறைப் பதிவைப் பார்த்து, எழுத்துமூல அனுமதி பெற்று, பகலில், துணையோடு செல்வதே ஆய்வுநெறி. ட்ரோனைப் பறக்கவிட்ட பின் விளக்கம் சொல்வது நெறியாகாது.

இதே நாட்டின் வேறொரு சட்டம் இவ்விடங்களை இன்னும் காணவே இல்லை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி நினைவுச்சின்னமாகக் கருதப்படக் குறைந்தது நூறாண்டு நிறைந்திருக்க வேண்டும். 1944இன் ஓடுபாதை 2044 வரை அத்தகுதியைப் பெறாது. அதற்குள் கான்கிரீட்டைப் பெயர்த்து வீட்டுக்கு அடித்தளமிடுவோர் இருப்பர். புதிய சாலையும் தொழிற்பேட்டையும் வரக்கூடும். அதில் பழிக்க ஒன்றுமில்லை. வடகிழக்கு மாநிலங்களில் போர்க்கால ஓடுபாதைகளின் துளையிட்ட எஃகுத்தகடுகள் வீட்டு வேலிகளாக நிற்பதைக் காணலாம். பொருள் அழியவில்லை, வேலை மாறியிருக்கிறது. ஆயினும் அம்மாற்றத்துக்குச் சான்று வேண்டுமெனில், அடுத்த இருபதாண்டுகளுக்கு ஒளிப்படக்காரர்களை விட்டால் வேறு கதி குறைவு. அவர்களுடைய பொழுதுபோக்கின்மீது இவ்வளவு எதிர்பார்ப்பை ஏற்றுவதற்குக் காரணம் இதுவே.

எதிர்த்திசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சிகாகோவைச் சேர்ந்த டெல்லர், ஸ்பிரால் இணையர், இறந்தவர் வீட்டுப் பொருள்களை விற்கும் ஒரு விற்பனையில் ஒரு பெட்டியை வாங்கினர். அதற்குள் 1945இல் வங்கத்தில் இருந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவர் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் இருந்தன. கோயில்கள், ஊர்மக்கள், அன்றாட வேலைகள் ஆகியன அவற்றின் பொருள். எடுத்தவர் பெயர் இல்லை. படத்திலிருப்போர் பெயரும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவ்விணையர் அப்படங்களோடு வங்கத்துக்கு வந்து இடங்களைத் தேடினர், இந்தியக் கலைஞர்கள் அப்படங்களுக்கு எதிர்வினையாகப் படைப்புகள் செய்தனர், கண்காட்சியும் நடந்தது. மனிதர்களை நோக்கிக் கருவியைத் திருப்பிய ஒருவரின் படங்கள்கூட, இரண்டு வரிக் குறிப்பு இல்லாமையால் எவ்வளவு உழைப்பைக் கோரின என்பதை அந்த முயற்சி காட்டுகிறது.

படைமுகாம்கள் கட்டடமாக நிலைப்பதைவிடச் சொல்லாக நிலைப்பதே அதிகம் என்பதை மொழியியல் மாணவர் அறிவர். தமிழில் 'பாளையம்' என்பது படை தங்கும் இடத்தைக் குறித்த சொல். இன்று மேட்டுப்பாளையத்தில் வண்டியேறுபவர் எவரும் கூடாரத்தை நினைப்பதில்லை. குவாலியரில் சிந்தியாவின் படை தங்கிய இடம் 'லஷ்கர்' என்னும் நகர்ப்பகுதியாக நிலைத்தது. முகாம் என்று பொருள்படும் துருக்கியச் சொல்லே 'உருது' என்ற மொழிப்பெயருக்கு மூலம். கூடாரங்களின் தடயம் மண்ணில் இல்லை, பெயர்கள் இருக்கின்றன. ஆகவே பியார்டோபாவுக்கோ சர்ராவுக்கோ செல்பவர், ஓடுபாதையை உள்ளூரார் எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள், அந்தத் திடலுக்கும் அந்தக் குட்டைக்கும் என்ன பெயர், ஆங்கிலச் சொல் எதுவும் அவர்கள் நாவில் உருமாறி நிற்கிறதா என்று கேட்டுக் குறித்துவருவாராயின், அது அவர் எடுக்கும் படத்துக்கு இணையான ஆவணமாகும்.

நல்ல படக்குறிப்பு நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். இடத்தின் இன்றைய பெயர், பழைய ஆவணப் பெயர், உள்ளூர்ப் பெயர். எடுத்த நாள், நோக்கிய திசை. கட்டப்பட்ட ஆண்டு, கட்டியவர், விட்டுச்சென்றவர். நிலம் இன்று யாருடையது, யார் பயன்படுத்துகிறார்கள். இவ்வளவையும் எழுதிய பின் 'கைவிடப்பட்ட' என்ற சொல்லுக்குத் தேவை இராது. எழுவாய்கள் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து நின்றுவிடும். 1945இல் அமெரிக்கப் படை வெளியேறியது என்று எழுதலாம். இவ்வூரார் இங்கே நெல் உலர்த்துகிறார்கள் என்று எழுதலாம்.

இதில் அவசரமும் உண்டு. கான்கிரீட் இன்னும் சில பத்தாண்டுகள் கிடக்கும். ஓடுபாதை போடப்பட்டபோது அதன் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த, அன்று பத்து வயதாக இருந்த குழந்தைக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் ஒளிப்படக்கருவியோடு அப்பக்கம் செல்லும் மாணவர், ஓடுபாதைக்குப் போகுமுன் ஊருக்குள் சென்று அத்தகைய முதியவர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரிப்பது நலம். இருந்தால், அன்றைய பகல் முழுவதையும் அவரிடமே செலவிட்டுவிடலாம்.