லண்டனில் நம் ஊர்க் கிளி

சென்ற கோடை விடுமுறையில் தமக்கையைப் பார்க்க லண்டன் சென்றிருந்தேன். ஒருநாள் மாலை ரிச்மண்ட் பூங்காவின் ஓக் மரங்களிடையே உலாவுகையில், தலைக்கு மேலே பழகிய குரலொன்று கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். என்ன ஆச்சரியம்! நமது பச்சைக் கிளிகள் பத்துப் பன்னிரண்டு, கூச்சலிட்டுக்கொண்டே பறந்து சென்றன.

வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டு, கூண்டிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் வெளியேறிய கிளிகளின் சந்ததி இவை. 1969 முதல் அந்நாட்டில் தொடர்ந்து கூடு கட்டி விருத்தியடைந்துள்ளன. இசைக்கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டதே ஆரம்பம் என்று ஒரு கதை வழங்குகிறது. 2019-இல் வெளியான ஆராய்ச்சி அதற்கு ஆதாரம் காணவில்லை. அந்தக் குளிரில் எப்படிப் பிழைக்கின்றன என்று நேயர்கள் கேட்கலாம். இமயமலை அடிவாரக் குளிரை அறிந்த இனம் இது. தோட்டங்களில் மக்கள் தொங்கவிடும் தானியமும் உதவுகிறது. மரப்பொந்துகளை இவை முந்திப் பிடித்துக்கொள்வதால் உள்ளூர்ப் பறவைகளுக்கு இடைஞ்சலென்று கவலைப்படுவோரும் உண்டு.

என் மனமோ வேறிடம் சென்றது. சிறு வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கிளியைச் சிறகு நறுக்கிக் கூண்டில் அடைத்திருந்தோம். எட்டு வருஷம் பறக்காமலே இருந்து அது மாண்டது. கிளி வளர்ப்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று தடை செய்கிறது. அன்று எங்களில் எவரும் அதைக் குற்றமாக எண்ணவில்லை. அந்நிய மண்ணில் அவை பறக்கக் கண்டு மகிழ்ந்தேன். கூடவே வெட்கமும் அடைந்தேன்.

ஊர் திரும்பி இதை வகுப்பில் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்து, "எங்கள் வீட்டுக் கிளியைத் திறந்துவிடலாமா, ஐயா?" என்றான்.

"சிறகு நறுக்கிய கிளியைப் பூனை விடாதப்பா. வனத்துறையாரிடம் சேர்ப்போம், சிறகு வளர்ந்ததும் பறக்கட்டும்" என்றேன்.