புகைச் சான்றிதழும் நம் பேணுதலும்

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை பேண வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவின் தொடக்க வகுப்புகளிலேயே கற்றுக்கொள்கின்றனர். அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயமே திருமறையில் உண்டு. ஆயினும் அந்த எச்சரிக்கையைக் கேட்கும்போதெல்லாம் தராசும் படியும் வைத்திருக்கும் கடைக்காரர்தான் நம் நினைவுக்கு வருகின்றார். வாகனம் வைத்திருக்கும் நாமும் ஓர் அளவைக்குக் கட்டுப்பட்டவர்களே. பிறர் சுவாசிக்கும் காற்றில் நம் வாகனம் எவ்வளவு நஞ்சைக் கலக்கிறது என்பதே அந்த அளவை.

எங்கள் இளைய மகளுக்கு இழுப்பு உண்டு. வாகனங்கள் தேங்கி நிற்கும் மாலை நேரத்தில் அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்ல அஞ்சுகிறோம். ஆகவே புகை என்பது எங்கள் வீட்டில் செய்தித்தாளோடு முடிந்துவிடும் விஷயம் அன்று. அவளுடைய மூச்சை அடைப்பது எவருடைய வாகனப் புகை என்று கேட்கத் தொடங்கிய நாங்கள், எங்கள் வாகனத்தின் புகை எந்த வீட்டுப் பிள்ளையின் மூச்சில் சேர்கிறது என்றும் கேட்க வேண்டியதாயிற்று.

கடந்த ஆண்டு புகைச் சான்றிதழைப் புதுப்பிக்கச் சென்றிருந்தோம். எங்கள் பழைய இருசக்கர வாகனத்தின் எண் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு, பரிசோதனைக் குழாயைப் புகைபோக்கியில் செருகாமலேயே தாளை அச்சடித்துத் தர முன்வந்தனர். "எல்லாருக்கும் இப்படித்தான் பாய் குடுக்குறோம், நீங்க எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க?" என்றார் அங்கிருந்த தம்பி. குழாயைச் செருகியே பாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தாண்டியிருந்தது. மெக்கானிக்கிடம் கொண்டு சென்றபோது, தூசி அடைத்திருந்த ஏர் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரையும் சீர்செய்து தந்தார். மறுபரிசோதனையில் வாகனம் தேறியது. முதலில் நீட்டிய தாளைப் பெற்றுக்கொண்டு திரும்பியிருந்தாலும் எந்தக் காவலரும் எங்களை மறித்திருக்க மாட்டார். ஆனால் அதே புகை ஓராண்டு முழுவதும் தெருவில் கலந்துகொண்டே இருந்திருக்கும்.

முறையாகச் செய்யப்படும் அந்தப் பரிசோதனையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பெட்ரோல் வாகனம் நின்ற இடத்தில் இயங்கும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தி மட்டுமே பார்க்கப்படுகிறது. மூச்சுக்குழலை எரிச்சலூட்டி இழுப்பை மோசமாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அந்தக் கருவி அளப்பதில்லை. மேலும், நிற்கும் வாகனம் வேறு, பாரம் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறும் வாகனம் வேறு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை உலகுக்குக் காட்டியது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் மூன்று டீசல் கார்களின் புகைபோக்கியில் கையடக்க அளவுக் கருவிகளைப் பொருத்தி, கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். அவற்றுள் இரண்டு ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் கார்கள். அவ்விரண்டும் சாலையில் வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடு, ஒன்றில் வரம்பைப் போல் 5 முதல் 20 மடங்காகவும், மற்றொன்றில் 15 முதல் 35 மடங்காகவும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோதோ அவை தேறின.

காரணம் 2015 செப்டம்பரில் வெளிவந்தது. ஸ்டீயரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம் ஆகியவற்றைக் கொண்டு, தான் பரிசோதனையில் இருப்பதைக் கண்டறியும் மென்பொருள் அந்தக் கார்களில் வைக்கப்பட்டிருந்தது. பரிசோதனையின்போது மாசுக் கட்டுப்பாடு முழுமையாக இயங்கும், சாலைக்கு வந்ததும் தளர்ந்துவிடும். உலகெங்கும் சுமார் 1.1 கோடி வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. பார்ப்பவர் முன் ஒரு படியும், பார்க்காதபோது வேறு படியும் வைத்து அளந்த வணிகம் அது.

அதன் பின்னர் சாலையிலேயே அளக்கும் முறை வலுப்பெற்றது. ஐரோப்பா 2017 முதல் புதிய கார் வகைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 தரமும், 2023 ஏப்ரல் 1 முதல் கார்களுக்கு உண்மைச் சாலை ஓட்டத்தில் மாசை அளக்கும் விதியும் நடைமுறைக்கு வந்தன. இது நல்ல முன்னேற்றம். ஆயினும் புகைபோக்கியை மட்டும் பார்த்தால் கணக்கு முடிவதில்லை.

புதிய டயரின் பள்ளங்கள் சில ஆண்டுகளில் மழுங்கிவிடுகின்றன. தேய்ந்த ரப்பர் எங்கே போயிற்று? நுண்துகளாகக் காற்றிலும், சாலையோர மண்ணிலும், மழைநீரிலும் சேர்ந்திருக்கிறது. சாலைப் போக்குவரத்திலிருந்து நேரடியாக வெளிவரும் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களில் எடையளவில் 60 சதவீதம் பிரேக், டயர், சாலைப் பரப்பு ஆகியவற்றின் தேய்மானத்தால் வருவது எனப் பிரிட்டன் அரசின் காற்றுத்தர நிபுணர் குழு 2019இல் தெரிவித்தது. புகைபோக்கிகள் தூய்மையாகிவர, இந்தப் பங்கு பெரிதாகி நிற்கிறது. மின்சாரக் கார்களுக்குப் புகை இல்லை. அவை வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே பெரும்பாலும் பிரேக்காகச் செயல்படுவதால் பிரேக் துகளும் குறைவு. ஆனால் பேட்டரியின் எடை கூடுவதால் டயர் தேய்மானம் அவற்றிலும் தொடர்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளுக்கு, கடலில் வளர்ந்த கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடத் திரும்பி வருகின்றன. மழை பெய்ததும் அவை முட்டையிடும் முன்பே மடிவதைப் பல ஆண்டுகளாகக் கண்டுவந்தனர். 2020 டிசம்பரில் அதற்கு விடை கிடைத்தது. டயரின் ரப்பரில் விரைவில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி என்னும் வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து 6பிபிடி-குயினோன் என்னும் நஞ்சாக மாறுகிறது. சாலையைக் கழுவி ஓடும் மழைநீர் அதை ஓடைக்குக் கொண்டு சேர்க்கிறது. அதே நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் படுகையின் வழியே வடித்தபோது மீன்கள் பிழைத்தன என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிமுறை, பிரேக் துகளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்க முதன்முறையாக வழிசெய்துள்ளது.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. நாங்கள் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறோம். வாரம் ஒருமுறை, வண்டியை எடுப்பதற்கு முன் டயர் சூடேறாத நிலையில் காற்றழுத்தத்தைப் பார்க்கிறோம். காற்றுக் குறைந்த டயர் விரைவில் தேய்வதோடு எரிபொருளையும் கூடுதலாக உண்கிறது. கார் ஒரு பக்கமாக இழுத்தால் தாமதியாமல் வீல் அலைன்மென்ட் பார்க்கிறோம். முன்னே சிவப்பு விளக்கு தெரியும்போதே வேகத்தைத் தளர்த்துகிறோம். பள்ளி வாசலில் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். ஜும்ஆவுக்கு அண்டை வீட்டாருடன் ஒரே காரில் செல்கிறோம். பக்கத்துத் தெரு மதரஸாவுக்குப் பிள்ளைகள் நடந்தே போகின்றனர். பள்ளிவாசல் முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாமல், மழைநீர் இறங்க ஓரத்தில் மண்ணும் செடியும் விட வேண்டும் என்று நிர்வாகத்தினரிடம் வேண்டியிருக்கிறோம்.

பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்றுத் தந்துள்ளார்கள். முள்ளையும் கல்லையும் கண்ணால் காண முடிகிறது. நாம் விட்டுச் செல்லும் துகளைக் கருவி கொண்டு அளந்தால்தான் காண முடியும். அதனால்தான் அளவையில் நேர்மை இங்கும் கடமையாகிறது. பிறர் மூச்சு அடியார்களின் உரிமையைச் சேர்ந்தது, அதை உரியவரே மன்னிக்க வேண்டும். நம் புகையைச் சுவாசித்தவர் யாரென்று அறியாத நாம், யாரிடம் போய் மன்னிப்புக் கேட்போம்? அடுத்த முறை குழாயைச் செருகாமல் தாளை நீட்டுவோரிடம், செருகிப் பாருங்கள் என்று நீங்களும் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் அளவைகளையும் நேராக்கித் தருவானாக.