தாயைப் பார்த்துக் கோழி வாங்கு

பெப்ரவரி 9

கோழி வளர்ப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தக் கோழி என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. தம்பிக்கு லேயர் வேண்டும். பதுளையில் முட்டைப் பருவத்துக்கு வந்த செந்நிற லேயர்கள் விற்கிறார்கள். தீனி குறையாமல் போட்டால் முதல் வருடத்தில் முந்நூறு முட்டை வரை இடும். அம்மாவுக்கு நாட்டுக்கோழியைத் தவிர வேறெதுவும் கோழிக் கணக்கில் சேராது. தம்பி பெண்சாதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “எதுவா இருந்தாலும் சரி, புள்ளையக் கொத்தாத கோழியாப் பாருங்க.” அவர்கள் மகளுக்கு மூன்று வயது. நாள் முழுக்க வாசலில்தான் கிடக்கிறாள்.

எனக்கு அவள் பேச்சுத்தான் சரியாகப் படுகிறது. எங்களுடையது தேயிலைத் தோட்டத்து லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பிராக்கள், முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் ஒடுங்கிய வாசல். வாசலைத் தாண்டினால் கான். கானுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்காவின் போஞ்சிப் பாத்தி. இந்த இடத்தில் கோழி கூரையேறிக் கத்தினால் எட்டு வீட்டுக்கும் கேட்கும். பாத்தியைக் கிளறினால் ஒரு மாத உழைப்பு போய்விடும். 2015க்குப் பிறகு கட்டிய தனி வீடுகளுக்கு 7 பேர்ச் காணி கொடுத்தார்கள். அங்கே குடிபோனவர்களுக்கும் இதே நெருக்கடிதான்.

பட்டினப்பாலையில், காயப்போட்ட உணங்கலைத் தின்ன வந்த கோழிமேல் ஒரு பெண் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். கோழிக்கும் வாசலுக்கும் அவ்வளவு பழைய வழக்கு இது. சிறிய இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது குணம். முட்டைக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

பெப்ரவரி 16

அம்மா சின்ன வயதில் பார்த்த கோழிகளையெல்லாம் இன்று இரவு ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்போது தோட்டத்தில் நெடுங்கால் சேவல் வைத்திருந்த வீடுகள் உண்டாம். அசில் வம்சம். சேவற்சண்டை இலங்கையில் தடைசெய்யப்பட்டது. அந்த ரத்தம் மட்டும் இன்னும் லயங்களில் ஓடுகிறது. கவ்வாத்துச் சாமிக்கும் முனியாண்டிக்கும் நேர்ந்துவிடுகிற சேவல்களில் அந்த நிமிர்ந்த கழுத்தைப் பார்க்கலாம். அசிலைப் பற்றிப் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. அது வளர்க்கிற ஆளிடம் சாது. மடியில் தூக்கி வைத்தாலும் அடங்கி இருக்கும். மற்றக் கோழியைக் கண்டால்தான் விடாது, பெட்டையும் அப்படியே. ஒரே ஒரு குடும்பக் கோழியாக வளர்ப்பவருக்கு அது சரி. நாலு வீட்டுக் கோழியும் ஒரே வாசலில் மேயும் லயத்துக்குச் சரிவராது.

மொட்டைக்கழுத்துக் கோழியைப் பற்றித் தம்பி கேட்டான். அது வெயில் நாட்டுக்கு ஏற்ற பறவை. கழுத்தில் மட்டுமல்ல, உடம்பு முழுதுமே அதற்கு இறகு குறைவு. சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பிபிலைப் பக்கம் என்றால் எடுக்கலாம். 1,000 மீற்றருக்கு மேலே, மார்கழிப் பனியிலும் மழையிலும் நனைந்து கிடக்கும் மடுல்சீமையில் அதைக் கொண்டுவந்து நடுங்கவிட எனக்கு மனமில்லை. கருங்கோழி என்று இப்போது எல்லோரும் பேசும் கடக்நாத், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாக் கோழி. 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. பேரும் விலையும் பெரிது. ஆனால் மிரளும், அடைக்கும் ஒழுங்காக உட்காராது. வெள்ளை லெகோர்ன் இன்னும் மோசம். வாளி விழுந்த சத்தத்துக்கே கூரையில் இருக்கும். இவை மூன்றும் வேண்டாம்.

எனக்கு ஆசையுள்ள ஒரு கோழி உண்டு. அவுஸ்திரேலியாவின் கறுப்பு ஒஸ்ட்ரலோப். 1922-23இல் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டுப் பேர் வாங்கிய இனம். கனத்த உடம்பு, பறக்கவும் மாட்டாது, ஓடவும் மாட்டாது. நம்பிக்கையான குஞ்சு கிடைக்கும் இடம் தெரிந்தால் அதைத்தான் எடுப்பேன்.

மார்ச் 2

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பத்தனைப் புல்வெளி ஓரத்தில் காட்டுச்சேவல் கூவிற்று. இலங்கைக் காட்டுக்கோழி, நம் நாட்டின் தேசியப் பறவை. ஆளைக் கண்டதும் காட்டுக்குள் மறைந்துவிடும். வீட்டுக்கோழியின் மூதாதை இது அல்ல. தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழிதான் பெரும்பங்கு. மஞ்சள் கால் மட்டும் தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்ததென்று 2008இல் மரபணுவை வைத்துக் காட்டினார்கள். எது மூதாதையானாலும் அச்சம் ஒன்றுதான். அந்த அச்சத்தைக் குறைத்துத்தான் மனிதன் அதை வாசலுக்குக் கொண்டுவந்தான்.

அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பேர் ஜென்சனின் குழு, செங்காட்டுக்கோழிகளில் ஆளுக்கு அஞ்சாதவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தது. அவர்கள் பார்த்தது அச்சம் ஒன்றை மட்டும்தான். ஆனால் உடம்பும் பெருத்தது, முட்டையும் பெருத்தது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மூயர் செய்தது எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிகிறது. தனிக்கோழி எத்தனை முட்டை இடுகிறது என்று பார்க்காமல், ஒரே கூண்டில் அடைத்த சகோதரிக் கோழிகள் எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்று பார்த்து, நல்ல கூண்டுகளையே வித்துக்கு எடுத்தார். கொத்திக்கொண்டு வருடத்துக்கு நூற்றுக்கு 68 செத்த இடத்தில் இரண்டே தலைமுறையில் அது 8.8க்கு இறங்கியது, 1996இல் அதை வெளியிட்டார். அதிக முட்டை இடுகிற ஒற்றைக் கோழியையே தேடித் தேடி எடுத்தால், பக்கத்துக் கோழியை விரட்டித் தின்று கொழுத்த கோழியும் அதில் அகப்பட்டுவிடும். அதன் குஞ்சும் அதே வழிக்குத்தான் போகும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “கோழியப் பாத்து வாங்காத. அது தாயப் பாத்து வாங்கு. தாய் எப்படி மேயுது, குஞ்ச எப்படிச் சேக்குது, தீனி போட்டா மத்ததக் கொத்துதா, அதப் பாரு” என்றார்.

மார்ச் 15

வாங்கியாயிற்று. நாட்டுக்கோழி வெடைகள் மூன்று, லேயர் இரண்டு.

வெடைகளைச் சந்தையில் எடுக்கவில்லை. சந்தைக்கு வரும் கோழியின் குணம் அங்கே தெரியாது. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழி எதுவானாலும் அடங்கித்தான் கிடக்கும். அடுத்த டிவிசனில் தெரிந்த வீட்டுக்குப் பொழுது சாயும் நேரத்தில் போனோம். அதுதான் சரியான நேரம். கோழிகள் கூட்டுக்கு வரும்போது எது முன்னால் போகிறது, எது எதைத் தள்ளுகிறது, எது ஆளைக் கண்டு ஒதுங்குகிறது எல்லாம் பார்க்கலாம். ஒரு புள்ளிப் பெட்டை குஞ்சுகளோடு எங்கள் காலடியிலேயே மேய்ந்தது. குனிந்தபோது செட்டையை விரித்தது, உறுமிற்று, ஆனால் பாயவில்லை. அம்மா அதைக் காட்டி, “இதோட முந்தின ஈட்டுல உள்ளது இருக்கா?” என்று கேட்டு வாங்கினார். வந்தவற்றில் ஒன்று தாயைப் போலவே புள்ளி.

வெடையைக் கையில் எடுத்ததும் துடிக்கத்தான் செய்யும். உடம்போடு அணைத்துப் பிடித்தால் சிறிது நேரத்தில் அடங்குகிறதா, கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். விட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்பதும் கணக்கில் சேரும். லேயர்களிடம் இந்தச் சோதனையே வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான செந்நிற லேயர்களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட் ரத்தம் இருக்கிறது. ஆளைத் தேடி வரும் சுபாவம். சப்பாத்துக் கயிற்றை இழுக்கிறது, குழந்தை உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருகிறது.

ஏப்ரல் 6

முதல் வாரம் கொத்து நடந்தது, பிறகு ஓய்ந்தது. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டு. அதை முதலில் எழுதி வைத்தவர் நோர்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே. பையனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர், 1921இல் அதையே ஆய்வாகக் கொடுத்தார். வரிசை அமைந்துவிட்டால் சண்டை இல்லை. புதுக்கோழி ஒன்று வரும்போது முழு வரிசையும் கலைகிறது. அதனால்தான் ஒற்றைக் கோழியைக் கொண்டுவந்து கூட்டத்தில் விடக்கூடாது. இரண்டாக வாங்கி, இருட்டிய பிறகு கூட்டில் ஏற்றிவிட வேண்டும். தீனியும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. நாங்கள் மூன்று இடத்தில் வைக்கிறோம்.

லேயர்கள்தான் பெரிய உடம்பு. ஆனாலும் வரிசையில் கடைசியில் நிற்பவை அவைதான். நாட்டுக்கோழி கண்ணால் முறைத்தாலே விலகிப் போகின்றன.

ஜூலை 20

கச்சான் காற்று. கொழுந்துக்கு மணம் ஏறும் காலம். கோழிக்குக் கண்ணில் மண் விழும் காலம். காற்றில் பருந்துகள் தாழ்ந்து மிதக்கின்றன.

இன்று காலை புள்ளி வெடை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தது. நீண்ட ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடியில் நாட்டுக்கோழிகள் மூன்றும் கொழுந்துக் கூடைக்குப் பின்னால். லேயர்கள் இரண்டும் வாசல் நடுவில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஓடிப்போய்த்தான் பருந்தை விரட்ட வேண்டியிருந்தது. மேலிருந்து வரும் எதிரிக்கு ஒரு சத்தம், நிலத்தில் வரும் கீரிக்கும் மரநாய்க்கும் வேறொரு சத்தம் கோழிக்கு உண்டு. கிறிஸ் எவன்ஸ் என்ற ஆய்வாளர் திரையில் பருந்துருவத்தைத் தலைக்கு மேலே ஓடவிட்டு இதை உறுதி செய்தார்.

அச்சம் குறைந்த கோழிக்கு இது ஒரு விலை. ஆளுக்கு அஞ்சாதது பருந்துக்கும் அஞ்சாமல் நிற்கிறது. அதனால் சாதுவான கோழியைத் தேர்ந்தால் காவலையும் நாம்தான் ஏற்க வேண்டும். மேலே வலை கட்டுவதென்று தம்பி முடிவு செய்திருக்கிறான். வலை கட்டும் வசதியில்லாத வீட்டுக்கு நான் லேயரைச் சொல்லமாட்டேன்.

செப்டெம்பர் 7

புள்ளி வெடை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. பழைய கொழுந்துக் கூடையில் வைக்கோல் போட்டு மூலையில் வைத்திருக்கிறோம். அதன் முட்டைகளோடு லேயர் முட்டைகளையும் சேர்த்து வைத்தோம். பக்கத்து வீட்டுச் சேவல் இந்த வாசலில்தான் மேய்கிறது. கூமுட்டை அதிகம் இராது என்று அம்மா சொல்கிறார்.

லேயர் அடை உட்காராது. அடை உட்கார்ந்த கோழி 21 நாளும், பிறகு குஞ்சு வளர்க்கும் வாரங்களும் முட்டை நிறுத்திவிடும். கோழிக் கம்பனிகளுக்கு அது நட்டம். அதனால் உட்காருகிற கோழிகளையெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் குணம் போனது. லேயரை மட்டும் வளர்க்கிறவர் ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்குக் கடையை நம்ப வேண்டும். 2022இல் தீனி விலை ஏறி, பண்ணைகள் கோழியைக் குறைத்தபோது என்ன நடந்தது என்று பார்த்தோம். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. லயத்தில் அடைக்கோழி இருந்த வீடுகளில் மட்டும் அப்போதும் குஞ்சு இருந்தது.

அடையில் இருக்கும் கோழியின் குணத்தை வைத்து அதைப் பொல்லாததென்று சொல்லிவிடக்கூடாது. அந்த நாட்களில் இறகைச் சிலிர்க்கும், உறுமும், கையைக் கொத்தும். குஞ்சோடு இறங்கினால் நாயையே விரட்டும். குழந்தையை அந்த மூலைக்கு விடவில்லை. தட்டில் சோளத்தையும் தண்ணீரையும் அம்மா மட்டும் வைக்கிறார். ஒரே ஆள் போனால் அது பதறுவதில்லை.

நவம்பர் 16

மழை விடவில்லை. மிருக வைத்தியர் அலுவலகத்தில் ராணிக்கெட் தடுப்பு மருந்து கேட்டு எல்லாக் குஞ்சுகளுக்கும் கொடுத்தாயிற்று. எந்தக் குணமுள்ள கோழியையும் அந்த நோய் விட்டுவைக்காது.

கலப்புக் குஞ்சுகள் தாயைப் பார்த்தே பழகுகின்றன. லேயர் முட்டையில் வந்தவையும் பருந்துச் சத்தம் கேட்டால் தாயோடு ஓடுகின்றன. கையில் எடுத்தால் நாட்டுக்குஞ்சைவிடச் சீக்கிரம் அடங்குகின்றன. நான் தேடியது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான். அக்காவின் போஞ்சி இந்தப் போகம் முழுதாக வந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரு பேச்சும் வரவில்லை.

நேற்று வியாபாரி வந்து எங்கள் புள்ளிப் பெட்டைக்கு நல்ல விலை கேட்டார். ஊர்க்கோழி என்றால் பதுளையில் கேட்ட விலைக்குப் போகும். கையில் காசில்லாத வீடுகளில் முதலில் போவது நன்றாகக் கொழுத்த, கைக்கு எளிதில் அகப்படும் கோழிதான். அதாவது நல்ல குணமுள்ள தாய்க்கோழி. மிஞ்சுவது மிரண்டு ஓடுவதும் பொல்லாததும். வருடக் கணக்கில் இப்படியே நடந்தால் லயத்தில் அந்த வித்துத்தான் நிற்கும். விற்க வேண்டியிருந்தால் சேவலை விற்றுவிடுங்கள், கூட்டத்தைக் கொத்திக் கலைக்கிற பெட்டையை விற்றுவிடுங்கள். அடை உட்கார்ந்து குஞ்சை வளர்த்துக் காட்டிய சாதுப் பெட்டையை மட்டும் விற்காதீர்கள்.