கவரைப் பிரிக்காதீங்க, டொக்டரைக் கேளுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம பக்கத்தில் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிற குடும்பங்கள் பொறுமையா வாசிங்க.

சில வருஷங்களுக்கு முன்னால் என் பழைய மாணவன் ஒருவனுக்கு அமெரிக்க கிரீன் கார்ட் லொத்தர் விழுந்தது. தோட்டத்தில் பிறந்து ஹட்டன் டவுனில் வேலை செய்தவன். மெடிக்கலுக்கு மனைவி, பிள்ளையோடு கொழும்புக்குப் போனான். இது தூதரகம் அங்கீகரித்த டொக்டரிடம் மட்டும்தான் செய்யலாம். நம்ம டவுன் டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் ரிப்போர்ட் செல்லாது. எல்லாம் முடிந்ததும் ஒட்டி முத்திரை வைத்த கவர் ஒன்றைக் கையில் கொடுத்து, இன்டர்வியூ நாளில் அப்படியே கொண்டுபோகச் சொன்னார்கள்.

அந்தக் கவர் லயத்து வீட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு வாரம் இருந்தது. பிரச்சினையே அந்த ஒரு வாரம்தான். அவன் மனைவி எனக்குப் போன் பண்ணினார்.

"சேர், ஆவியில காட்டி மெதுவா பிரிச்சா தெரியாதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு. பாத்துட்டு திரும்ப ஒட்டிரலாமா?"

"ஒட்டலாம்மா. ஆனா அதுக்குப் பிறகு அது வெறும் கடதாசி. திரும்பவும் கொழும்புக்குத்தான் போகணும்" என்றேன்.

ஏன் பார்க்கணும் என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அவருடைய அக்கா ஒரு காலத்தில் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக மெடிக்கல் செய்தவர். 'அன்ஃபிட்' என்று ஒரு சொல் வந்தது. ஏன், எதனால் என்று யாரும் சொல்லவில்லை. ஏஜென்சிக்குக் கட்டின காசும் போனது. இவருக்கோ சின்ன வயதில் டீபீ வந்து, மருந்து குடித்துச் சுகமானது. அது கவருக்குள் எழுதியிருக்குமே என்ற பயம்.

எழுதித்தான் இருக்கும். எழுதத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்கக் குடிவரவு மெடிக்கலை மத்திய கிழக்கு மெடிக்கல் மாதிரி நினைக்கக் கூடாது. சுகமான பழைய டீபீ விசாவைத் தடுக்காது. இப்போது நோய் இருந்தால்கூட, சிகிச்சை எடுத்து முடித்துவிட்டுப் போகலாம். அந்தச் சிகிச்சை நம்ம அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம். சீனி, பிரஷர் இருப்பதற்காக மட்டும் யாரையும் இந்த மெடிக்கலில் கழிப்பதில்லை. எச்ஐவியைக்கூட 2010 ஜனவரியில் அந்தத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்ததால் அவரிடம் மூன்று நாள் சளி எடுத்திருந்தார்கள். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மாதம் காத்திருந்துதான் அந்தக் கவரே கிடைத்தது. "சளியில கிருமி இருந்திருந்தா உங்களை மருந்துக்குத்தானேம்மா அனுப்பியிருப்பாங்க?" என்றேன். அப்படியும் மனம் ஆறவில்லை. அந்த டொக்டருடைய இடத்துக்கே போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். கேட்டார். ஐந்து நிமிஷத்தில் விளக்கிவிட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மலைக்கு வந்தவர்களை அக்கரையில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, உடம்பைப் பார்த்து, தோட்டத்து இலக்கம் அடித்த தகரத்தைக் கொடுத்துத்தான் கப்பலேற்றினார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே மண்டபத்துக்குத் திரும்பிப் போனவர்களும் ஆயிரக்கணக்கில். தன்னைப் பற்றி வேறு யாரோ எழுதின, தான் வாசிக்க முடியாத காகிதம் இங்கே பரம்பரைச் சொத்து மாதிரி. பயம் வராமல் என்ன செய்யும்?

கவரை ஒட்டுவது உங்களிடம் மறைக்க இல்லை. டொக்டர் எழுதினதை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று அந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். "எனக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தடுப்பூசிப் பதிவின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளையை அங்கே பாடசாலையில் சேர்க்கும்போது கேட்பார்கள். போகும்போதே பிள்ளைகளின் கிளினிக் கார்ட்டைக் கொண்டுபோங்கள். பழைய டீபீ சிகிச்சை அட்டை இருந்தால் அதை ஒளிக்காமல் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.

எக்ஸ்ரே சீடி தந்தால் பெரிய பெட்டியில் போடாமல் கையில் வைத்திருங்கள். விசாவோடு ஒட்டின பொதி ஏதும் தந்தால் அதையும் அமெரிக்காவில் இறங்கும் இடத்து அதிகாரிதான் திறக்க வேண்டும். இப்போது பல இடங்களில் ரிப்போர்ட் கணினி வழியாகவே போய்விடுகிறது, கவரே இருக்காது. கவர் தரவில்லையே என்று பதறி ஏஜென்ட் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

அந்தக் குடும்பத்துக்கு விசா கிடைத்தது. மகள் இப்போது அங்கே பாடசாலைக்குப் போகிறாள்.

யாருடைய வீட்டிலாவது இப்போது அப்படி ஒரு கவர் இருந்து, கை துறுதுறுக்குது என்றால், பாடசாலை விட்ட பிறகு 2 மணிக்கு மேல் எனக்கு ஒரு கோல் எடுங்க.