கல்முனைக் கரையில் ஒரு வண்ணக்கல்

கல்முனை என்னும் பெயரிலே கல் உண்டு. ஆயினும் அவ்வூர்க் கடற்கரையிலே காலடி வைத்தவர்க்குத் தட்டுப்படுவது மணலே. மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே நெல்வயல்களுமாக, இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது அம்பாறைக் கரையோரம். பெரியநீலாவணை தமிழர் ஊர். அடுத்த மருதமுனை முஸ்லிம் ஊர். பின்னர்ப் பாண்டிருப்பு தமிழர் ஊர். கல்முனை நகரைக் கடந்தால் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதுவும் முஸ்லிம் ஊர்கள். அப்பால் மீண்டும் தமிழர் ஊராகிய காரைதீவு. பேசுவது யாவரும் ஒரே தமிழ்தான்.

ஆனி மாதத்து விடியற்காலை ஒன்றில் மருதமுனையிலிருந்து காரைதீவு வரை நடந்து செல்வதென்று நாம் புறப்பட்டோம். எமது தோட்பையிலே அன்று வழக்கத்துக்கு மாறான ஒரு பொருள் இருந்தது. அது ஒரு கல்.

உள்ளங்கையளவான அந்தக் கல்லை இங்கிலாந்திலிருந்து அனுப்பியவள் எமது மருமகள் முறையான ஒரு சிறுமி. அதன் மேல் சிவப்பு வண்ணத்தில் ஒரு தோணி வரைந்து, அதன் கீழே 'நலமே வருக' என்று கோணல்மாணலான தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். "மாமா, இதை எங்கள் ஊர்க் கடற்கரையில், நடந்து போகிறவர் யாராவது கண்டு சந்தோஷப்படும் இடத்தில் வைத்துவிடுங்கள். யார் எடுத்தார் என்று எனக்கு எழுதுங்கள்" என்பது கூடவந்த கடிதத்தின் வாசகம்.

கல்லை வழியில் வைத்துவிட்டு வருவதா என்று வியக்கும் வாசகர்களுக்கு இதன் வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் கொட் கடற்கரையில், 2015 ஆம் ஆண்டில், மேகன் மேர்ஃபி என்னும் பெண்மணி கூழாங்கற்களில் ஆறுதல் மொழிகளை எழுதித் தாம் நடக்கும் பாதையில் விட்டுச் சென்றார். தாய் தந்தையரை இழந்த துயரிலே கடலோரம் நடந்து மனந்தேறியவர் அவர். அவ்வாறு விட்ட கல்லொன்று, எழுதியவர் யாரென்று அறியாத நிலையில், அவருடைய தோழி ஒருத்தியின் கைக்கே கிட்டி, அவளுடைய மனச்சோர்வைத் தீர்த்ததாம். அதன்பின் இவ்வழக்கம் நாடு கடந்து பரவியது. 2020 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் வீடுகளில் அடைபட்டிருந்த இங்கிலாந்துச் சிறார்கள், நடைபாதை ஓரங்களில் வண்ணக் கற்களைப் பாம்புபோல் நீள அடுக்கி அயலவரை மகிழ்வித்தனர். இதற்கு மறுப்பும் உண்டு. இயற்கையை இயற்கையாகவே விடுதல் நன்று என்னும் கருத்தினால், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் வண்ணக் கற்களை விட்டுச் செல்ல அனுமதிப்பதில்லை.

ஆகவே கல்லை எங்கே வைப்பது என்பது எமக்கு ஒரு சிறு கவலையாகவே இருந்தது.

மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் நெசவாளர் நெய்யும் சாரமும் சேலையும் இலங்கையெங்கும் அறியப்பட்டவை. அவ்வூரின் கடலோரத்தில் நாம் நின்றபோது கதிரவன் கடலிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். இதே கரையைத்தான் 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மூழ்கடித்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மாண்டவர் தொகை 10,000க்கு மேல். முஸ்லிம் ஊர், தமிழர் ஊர் என்று கடல் பேதம் பார்க்கவில்லை. இத்தகைய கரையிலே 'நலமே வருக' என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டென்று எண்ணி, அலை எட்டாத மணல் மேட்டிலே கல்லை வைத்தோம்.

சற்றுத் தொலைவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் குரல் கொடுத்தார். "தம்பி, அதில வைக்காதீங்க. அது வலை இழுக்கிற வழி. காலில தட்டும்."

கயிற்றைப் பற்றிக்கொண்டு பின்னோக்கியே நடப்பவர்களின் வெறுங்கால்களை நாம் நினைக்கவில்லை. நாணத்துடன் கல்லை எடுத்து மீண்டும் பையிலிட்டோம்.

கல்முனைக்குடியிலே, நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேற்று விழா நடைபெறும் கடற்கரைப் பள்ளிவாசலை அடைந்தோம். விழாக் காலத்தில் பெருந்திரளான மக்கள் கூடும் அவ்விடத்தில் அன்று காலை அமைதி நிலவியது. வணக்கத்துக்குரிய இடத்திலே எமது விளையாட்டுப் பொருளை வைத்தல் முறையன்று என்று தோன்றவே, அங்கும் வைக்காமல் அப்பால் நடந்தோம்.

சாய்ந்தமருதுவைக் கடந்து, மாளிகைக்காட்டில் பெருந்தெருவை அடைந்தோம். காரைதீவு எல்லைக்குச் சற்று முன்னால் முதியவர் ஒருவர் குனிந்து, உடைந்த செங்கற் துண்டுகளைத் தெருவோரத்திலிருந்து பொறுக்கி வேலியடியில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாயிலிலே, மரநிழலில், பலகையொன்றின் மேல் மூடியிட்ட மட்பானையும் ஒரு குவளையும் இருந்தன. நாம் தண்ணீர் கேட்டோம். தாமே வார்த்துத் தந்தார்.

"காக்கா, ஏன் இந்தச் சிரமம்?" என்று கற்குவியலைக் காட்டிக் கேட்டோம்.

"பாதையில கிடக்கிற கல்ல எடுத்துப் போடுறதும் சதக்கா, தம்பி. கதிர்காமத்துக்குப் போற சாமிமார் வாற நாள் இது. செருப்பில்லாம நடப்பாங்க" என்றார் அவர்.

சதக்கா என்றால் தருமம். வழியிலே தொல்லை தருவதை அகற்றுதலும் தருமமே என்பது நபிகள் நாயகம் அவர்களின் போதனை. அப்போதனையை அம்முதியவர், வேற்றுச் சமயத்து யாத்திரிகரின் பாதங்களுக்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

கதிர்காமப் பாதயாத்திரை இக்கரையோரத்தின் தொன்மையான நடைவழி. வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள், திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக இவ்வூர்களையெல்லாம் கடந்து, பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள உகந்தை முருகன் ஆலயத்தை அடைந்து, பின்னர்க் குமண, யால காடுகளினூடாகக் கதிர்காமம் சேர்வர். வழி நெடுகிலும் அவர்களுக்கு உணவும் நீரும் அளிப்பவர் பலர். அவர்களுள் முஸ்லிம் மக்களும் உளர். கதிர்காமத்திலே முருகன் கோயிலுக்கு அண்மையிலே பள்ளிவாசலும் இருத்தல் பலரும் அறிந்ததே.

அம்முதியவருக்கு எமது பையிலிருந்த கல்லைக் காட்டி, "நீங்கள் கல்லை வழியிலிருந்து எடுக்கிறீர்கள், நாங்களோ ஒரு கல்லை வழியில் வைப்பதற்காக வந்திருக்கிறோம்" என்று கதையைச் சொன்னோம். அவர் சிரித்தார். கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல தோணி. இது காலடியில கிடக்கிற கல்லில்ல, தம்பி. கண்ணுக்கு நேர இருக்க வேணும்" என்று கூறி, மட்பானைக்கு அருகே பலகையின் மேல் அதை வைத்தார்.

அவ்வேளையில் எமக்கு நம் முன்னோரின் சுமைதாங்கிகள் நினைவுக்கு வந்தன. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பழைய வழிகளின் ஓரத்தில் அவற்றை இன்றும் காணலாம். இரு கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையுடன் வருபவர் எவர் துணையுமின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் வாய்ப்பான உயரத்தில் அமைப்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இதனை நாட்டுவது வழக்கம். தம் வீட்டுத் துயரை, முன்பின் அறியாதவரின் சுமையைத் தாங்கும் கல்லாக மாற்றிய அவர்களும், தாய் தந்தையரை இழந்து கேப் கொட் கரையில் கல்லெழுதிய பெண்மணியும் ஓரினத்தவரே. மாடுகள் உடலை உராய்ந்துகொள்வதற்கு ஆவுரஞ்சிக் கல் நட்டவர்களும், பருத்தித்துறையிலே தெருவின் மேலேயே கூரையிட்டுத் தெருமூடி மடம் கட்டியவர்களும் இவ்வாறே பின்னால் வருபவரை நினைத்தவர்கள்.

ஆகவே கல்லை வைத்தலோ எடுத்தலோ பெரிதன்று. அவ்வழியே அடுத்து வருபவரின் காலையும் தாகத்தையும் மனத்தையும் எண்ணிப் பார்த்தோமா என்பதே பெரிது. கரைவலைக்காரர் வழியில் நாம் அதை எண்ணாது வைத்தோம். முதியவர் எண்ணி வைத்தார்.

அந்த இடத்திலே இதற்கு மற்றுமொரு பொருளும் உண்டு. 1985 ஆம் ஆண்டிலும் 1990 ஆம் ஆண்டிலும் இக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட கலவரங்களில் இரு சாராரும் உயிரும் உடைமையும் இழந்தனர். அடுத்த ஊருக்கு நடந்து செல்லவும் மக்கள் அஞ்சிய காலம் அது. அக்காயங்களின் தழும்பு இன்றும் முற்றாக மறையவில்லை. ஊரெல்லையில் நிற்கும் ஒரு தண்ணீர்ப்பானை அவற்றையெல்லாம் ஆற்றிவிடும் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் எல்லையைக் கடந்து வருபவரைக் காத்திருந்து எதிர்பார்க்கும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதை அப்பானை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

காரைதீவிலே, 1892 ஆம் ஆண்டில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண்ணைக் கண்டு, நண்பகலில் உணவருந்தி, மாலையிலே திரும்பினோம். முதியவர் வீட்டு வாயிலில் பானை இருந்தது, கல்லைக் காணவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளையள் எல்லாம் எடுத்துப் பார்த்திச்சுதுகள். பிறகு சாமிமார் கொஞ்சப் பேர் வந்து தண்ணி குடிச்சாங்க. அஸருக்குப் போயிட்டு வந்து பார்க்கிறன், கல்லு இல்ல" என்றார் அவர். பின்னர், "அந்தப் பிள்ளைக்கு எழுதுங்க, தம்பி. இன்னொரு கல் அனுப்பினாலும் வைக்க இடம் இருக்குதெண்டு" என்று சொல்லிப் பானைக்கு நீர் நிரப்பலானார்.

அன்றிரவே நாம் கடிதம் எழுதினோம். கல்லை எடுத்தவர் காரைதீவுச் சிறுமியா, மாளிகைக்காட்டுச் சிறுவனா, கதிர்காமம் செல்லும் அடியாரா என்பதைச் சொல்ல எம்மால் இயலவில்லை. ஆயினும் அதை வைத்தவரின் விலாசத்தை அவளுக்குத் தெரிவித்தோம்.