இறாலுக்கும் ஒரு ப்ரொவிஷன்

இறாலுக்கு வலிக்குமா? வீட்டில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். "மாசக் கடைசியில நமக்கே வலிக்குது, இதுல இறாலுக்கு வேறயா" என்பார்கள். ஆனால் இதையே வேலையாக வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அவர்கள் எழுதியதைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பி.காம் படித்தவனுக்கு இது எதற்கு என்கிறீர்களா? நான் இருப்பது ஆந்திராவில், பீமவரம் பக்கம். இங்கே வங்கி அதிகாரிக்குப் பாதி நாள் 'ரொய்யல செருவு' கரையில்தான் போகும். ரொய்யலு என்றால் இறால், செருவு என்றால் குளம். இறாலுக்கு என்ன ஆகிறதோ அதுதான் என் கடனுக்கும் ஆகும்.

எங்கள் கோப்பில் இறால் என்றால் 'கவுண்ட்'. ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் என்றால் பெரிசு, 100 கவுண்ட் என்றால் பொடிசு. விலை அதை வைத்துத்தான். 2009-ல் வெனாமி ரகத்தை (பசிபிக் பக்கத்து ஆள், நம்ம டைகர் இறாலை ஓரங்கட்டியவர்) இந்தியாவில் வளர்க்க அனுமதித்தபோது, சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்று விதி வந்தது. அந்த உச்ச வரம்புக்குக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு சுமார் 2.4 லட்சம். அதில் 80 சதவீதம் பிழைத்தால் எங்களுக்குப் பரம திருப்தி. மீதி 20 சதவீதம்? 48,000 உயிர். அவை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று எழுத எந்தப் பாரத்திலும் கட்டம் கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். இறால் விவசாயி இரக்கமில்லாதவர் இல்லை. ராத்திரியில் குளத்துப் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும் என்பதால், விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தவிக்க ஆரம்பிக்கும். கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால் கதை முடிந்தது. "நித்ர லேதண்டி, மேனேஜர் காரு" என்று கண் சிவந்து நிற்கும் மனிதரை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! அந்த ராத்திரியில் இறாலின் நலமும் அவர் பாக்கெட்டும் ஒன்றேதான். நாம் போய் உபதேசம் பண்ண வேண்டியதில்லை.

நலமும் பணமும் பிரிகிற இடம் வேறு. அதில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி. அடைத்து வைத்த தாய் இறால் லேசில் சினைக்கு வராது. சினைப்பையை வளரவிடாமல் தடுக்கும் ஒரு ஹார்மோன் அதன் கண் காம்பில் சுரக்கிறது. அதனால் ஒரு பக்கத்துக் கண் காம்பை நசுக்கியோ, வெட்டியோ, நூலால் இறுக்கிக் கட்டியோ விடுகிறார்கள். சில நாளில் சினை பிடித்துவிடும். உலகம் முழுக்கப் பல வருடமாக இருக்கும் வழக்கம் இது. முதல் தடவை கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், மரத்துப்போகும் மருந்தைத் தடவிவிட்டு வெனாமியின் கண் காம்பை எடுத்துப் பார்த்தார்கள். வால் துடிப்பதும் திக்குத் தெரியாமல் அலைவதும் குறைந்தது. மருந்து போட்டால் குறைகிறது என்றால் என்ன அர்த்தம், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அறுவடை. வலையில் அள்ளி ஐஸ் தண்ணீரில் கொட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றுவிடும். அசைவு நின்றால் உணர்வும் நின்றுவிட்டதா என்பதுதான் ஆய்வாளர்கள் கேட்பது. நொடியில் மயக்கிவிடும் மின்சாரக் கருவி இப்போது வந்திருக்கிறது. என்ன, அதற்குக் காசு வேண்டும்.

சரி, வலி விஷயத்துக்கு வருவோம். 2008-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்து ராபர்ட் எல்வுட் குழுவினர் ஒரு சின்ன இறாலின் மீசையில் அமிலம் தொட்டு வைத்தார்கள். அது அதே மீசையை நெடுநேரம் தடவிக்கொண்டும் தொட்டிச் சுவரில் தேய்த்துக்கொண்டும் இருந்தது. 2010-ல் வேறொரு குழு வேறு ஜாதி இறால்களில் செய்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. அதாவது வழக்கு இன்னும் முடியவில்லை. 2021-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஜோனதன் பர்ச் தலைமையில் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டினார்கள். நண்டுக்குச் சான்று பலமாக இருந்தது. வெனாமி குடும்பத்தில் ஆய்வே குறைவு. ஆனாலும் நண்டு, சிங்கி இறால், இறால் எல்லாவற்றையும் உணர்வுள்ள உயிர்களாகவே நடத்துங்கள் என்று பரிந்துரைத்தார்கள். 2022-ல் பிரிட்டன் அதைச் சட்டமாக்கியது.

உடனே "வெள்ளைக்காரன் நமக்குப் பாடம் எடுக்கிறான்" என்று ஆரம்பிக்க வேண்டாம். 1960-ல் நம் நாடு போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். விலங்கு என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும் என்று அதில் இருக்கிறது. உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு உண்டு, ஆனால் தேவையில்லாத வலி கொடுக்கக் கூடாது. அந்த வரிக்குள் இறால் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் எட்டிப் பார்க்கவில்லை.

கடலில் பிடிப்பதன் கணக்கு இன்னும் பெரிசு. ரீதிங்க் ப்ரையாரிட்டீஸ் என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பீட்டில், பண்ணைகளில் வருடத்துக்கு சுமார் 44,000 கோடி இறால் கொல்லப்படுகின்றன. கடலில் பிடிபடுவது சுமார் 25 லட்சம் கோடி. (இந்த எண்ணை நான் பட்ஜெட் உரையில்தான் கேட்டிருக்கிறேன்.) அதில் பெரும்பங்கு நம் ஊர் சென்னாக்கூனி மாதிரிப் பொடி இறால். இழுவலையில் நசுங்கியும், மேலே வந்து மூச்சுத் திணறியும் சாகின்றன. கடலாமைக்குப் பாதுகாப்பு போதாது என்று 2019-ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வேண்டாம் என்றது. நல்ல விஷயம். ஆமைக்குப் பேச ஆள் இருக்கிறது, இறாலுக்கு?

நிரூபணம் ஆகாததற்கு ஏன் செலவு என்பார்கள். இதற்கு எங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. கடன் முழுகிவிட்டது என்று நிரூபணமான பிறகா வங்கி ப்ரொவிஷன் போடுகிறது? சந்தேகம் வந்ததுமே லாபத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தாக வேண்டும். சந்தேகம் கூடினால் தொகையும் கூடும். தவணை தவறாத கடனுக்குக்கூட ஒரு சின்ன சதவீதம் உண்டு. இறாலுக்கு வலிக்கும் என்ற சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சின்ன சதவீதத்தையாவது எடுத்து வைப்போமே.

ப்ரொவிஷன் சில சமயம் திரும்பியும் வரும். 2021-ல் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வுக்குழு, கண் காம்பு எடுக்காத தாய்களின் குஞ்சுகளையும் எடுத்த தாய்களின் குஞ்சுகளையும் நோய்க்கிருமிக்கு உட்படுத்திப் பார்த்தது. கண்ணோடு இருந்த தாயின் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன. வெள்ளைப்புள்ளி நோயிலும் அப்படித்தான். வெள்ளைப்புள்ளி என்றால் இங்கே வீடே அடமானத்துக்குப் போகும் நோய். தாய் இறால் கூடுதலாக வேண்டும், அதற்கு நல்ல தீனி வேண்டும், ஹேச்சரிக்காரருக்குச் செலவுதான். ஆனால் அந்தச் செலவு குளத்துக்காரரின் கடனைக் காப்பாற்றலாம்.

மின்சாரக் கருவியின் கதை அப்படியில்லை. அதில் விவசாயிக்குத் திரும்பி வர ஒன்றுமில்லை. அந்தச் செலவை ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருப்பவர் தலையில் கட்டினால் அது நியாயமும் இல்லை. வாங்குகிற கம்பெனியும் சாப்பிடுகிற நாமும்தான் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்துத் தாங்க வேண்டும்.

இறால் தொக்கை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. கடன் மனுவில் மூன்று கட்டம் கூடுதலாக வந்தால் போதும் என்கிறேன்: குஞ்சு எந்தத் தாயுடையது, ஆக்சிஜன் அளவு தினமும் எழுதப்படுகிறதா, அறுவடையில் எப்படிக் கொல்கிறார்கள். மேலிடம் சம்மதிக்கும்வரை இந்த மூன்றையும் குளக்கரையில் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் சிரித்தார்கள். போன மாதம் ஒருவர், கண் எடுக்காத குஞ்சு எங்கே கிடைக்கும் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.